ஏரிக்கரைச் சாலையில் விளக்கு எரிந்தது

அமாவாசையன்று நான் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. காலையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் எதுவும் வாயில் படும். விலங்கியல் படித்தவன் இதையெல்லாம் செய்வதா என்று கல்லூரியில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அமாவாசை வேறொரு விதத்திலும் எனக்கு முக்கியமான நாள் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் சார். நிலா இல்லாத நாளில்தான் அந்துப்பூச்சிகள் விளக்குக்கு நன்றாக வரும்.

என் பெயர் துளசிராமன். மணவாள நகருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் பூச்சிப் பிரிவு என் பொறுப்பு. நான் வந்தபோது அங்கே நாலு கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. பெட்டிக்குள் துருப்பிடித்த ஊசிகள், ஊசிகளின் அடியில் கொஞ்சம் பழுப்புப் பொடி. செத்த பூச்சிகளை உயிருள்ள பூச்சிகள் தின்று தீர்த்திருந்தன. பாச்சை உருண்டை மாற்றக்கூட ஆளில்லை. இப்போது போய்ப் பாருங்கள், சுவர் முழுக்க இழுப்பறைகள். வண்டு, தட்டான், குளவி, வெட்டுக்கிளி என்று ஒவ்வொன்றும் அதனதன் குடும்பத்தோடு இருக்கும். ஒவ்வொரு பூச்சிக்கும் சிறகை விரித்துக் காயவைத்து, ஊசியில் குத்தி, அடியில் ஒரு சிறு சீட்டு வைப்போம். பிடித்த இடம், பிடித்த நாள், பிடித்தவர் பெயர். அந்தச் சீட்டு இல்லையென்றால் எவ்வளவு அழகான பூச்சியும் குப்பைதான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். ஆரம்பாக்கத்தில் எங்களுக்கு நெல் விளைந்த நிலம் இருந்தது. இப்போது அது ஒரு கம்பெனியின் கிடங்கு. கையெழுத்துப் போட்டது நான்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. தரையை மட்டம் செய்ய வண்டி வந்த அன்று வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கால் வைத்த இடமெல்லாம் எதுவோ எழுந்து பறந்தது. அவற்றில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. என்னவெல்லாம் இருந்தது என்று யாராவது எழுதி வைக்க வேண்டாமா என்று அன்றைக்குத் தோன்றியது, அது பிறகு விடவே இல்லை.

காட்சியகத்தில் என்னோடு இருந்தவன் ஜெயராஜ். உதவியாளர் வேலை. வீடு கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஏரிக்கரைச் சாலையை ஒட்டிய காலனியில். காலனிக்காரர்களின் தாய் தகப்பன் எல்லாம் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர்கள் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள், இவன் மட்டும் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டான். நல்ல மனிதன். கையில் நடுக்கமே கிடையாது. அவன் மனைவி ரோசம்மாள் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் அவளை நெடுஞ்சாலை முனையில் இறக்கிவிடும். அங்கிருந்து காலனிக்கு ஏரிக்கரைச் சாலையில் தனியாக நடந்து வர வேண்டும். பழைய இரும்பு ஏற்றின லாரிகள் குறுக்கு வழி என்று அந்தச் சாலையில்தான் போகும்.

முன்பெல்லாம் அங்கே ஒரு விளக்குகூட இல்லை. காலனிப் பெண்கள் விளக்குக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். "வேலைக்குச் சென்று திரும்பும் பெண்களின் உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். விளக்கு வந்த அன்று ரோசம்மாள் எனக்குக் கேசரி கொடுத்தனுப்பினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு ஏரிக்கு உள்பக்கம், புதர் ஓரத்தில், வழக்கம்போல பூச்சி வந்து உட்கார வெள்ளைத் துணி கட்டி, ஜெனரேட்டர் போட்டு விளக்கு வைத்தோம். அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த புதர்க்காடு அது ஒன்றுதான். துணியில் ஈசலைத் தவிர ஒன்றும் உட்காரவில்லை. கரைமேல் ஏறிப் பார்த்தேன். எல்லாம் தெருவிளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன. எட்டாத உயரம். வௌவால் வந்து வந்து தின்றுவிட்டுப் போனது. மாவட்டத்து அந்துப்பூச்சிகளுக்கென்று நான் ஒதுக்கிய இழுப்பறைகளில் பாதி காலி, அவற்றின் அட்டவணை அச்சுக்குப் போக வேண்டிய வருஷம். அங்கே நின்றபோது எனக்கு வந்த துக்கம் சாதாரணமானதல்ல. பெற்றவர்களைப் பறிகொடுத்தபோதுகூட அப்படி வரவில்லை.

விளக்குகளுக்கான மின்பெட்டி சாலை வளைவில் இருந்தது. பூட்டுக்குப் பதில் ஒரு கம்பியை முறுக்கியிருந்தார்கள். அதற்கடுத்த அமாவாசையன்று ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான். கிளம்பும்போது திரும்பச் செருகிவிட்டேன். விளக்கு வருவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் இருட்டில் நடந்தவர்கள்தானே, மாதத்தில் ஒரு நாள் நடந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். இப்போதும் அது முழுக்கத் தவறான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

துணி நிறைய ஆரம்பித்தது. ஜெயராஜிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு இடம் பார்க்கலாம் சார் என்றிருப்பான். கரண்ட் போய்விட்டது என்றே நினைத்தான். இருட்டாக இருந்தால் பஸ் வரும் நேரத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரோசம்மாளை அழைத்து வருவான். நானும் அனுப்புவேன். அதனால் பல மாதம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரோசம்மாள்தான் ஒருமுறை கேட்டாள். ஜெயராஜை இறக்கிவிடப் போயிருந்தேன், வாசலில் நின்றாள்.

"இன்னா சார் இது, கரெக்டா அமாவாசையானா லைட்டு அணைஞ்சிப் பூடுது. அதுவும் உங்கள மாதிரி விரதம் இருக்குதா?"

"கரண்ட் ஆபீஸ்ல சொல்லிப் பாரேன்மா," என்றேன்.

"சொன்னேன் சார். ஆபீஸ்காரன் பகல்ல வந்து போட்டுப் பாத்துட்டு, நல்லாத்தானே எரியுது, உனுக்கு இன்னா பேஜாருன்றான். நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க சார். உங்க எழுத்துக்குத்தான் அவன் எறங்குவான்."

எழுதிக் கொடுத்தேன். முந்தையதைவிட நன்றாகவே எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அமாவாசையன்று என் விரதம் தெரிந்து வெங்காயம் போடாத புளிசாதம் கட்டிக் கொடுத்தனுப்புகிறவள் அவள். வேறு மதத்துப் பெண், அவளுக்கு என்ன அவசியம். என் வீட்டிலேயே அந்த ஞாபகம் யாருக்கும் இருந்ததில்லை.

புரட்டாசி அமாவாசைக்கு வருகிறேன். முந்தின நாள் மழை பெய்து புழுக்கமாக இருந்தது. பூச்சிக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. துணி வெள்ளையே தெரியாத அளவுக்கு வந்து அப்பிக்கொண்டிருந்தன. ஜெயராஜ் ஃபோனைப் பார்த்தான்.

"கரண்ட்டு இல்ல சார். பஸ்ஸு வர்ற டைமு. ரோசம்மாவக் கூட்டினு வந்துடறேன்."

அப்போதுதான் அது வந்தது. உள்ளங்கை அகலம். பின்சிறகில் கண் வரைந்த மாதிரி ஒரு பொட்டு. இந்த மாவட்டத்தில் நான் பார்த்ததேயில்லை. துணியின் மேல் விளிம்பில் உட்காராமல் தட்டித் தட்டிப் பறந்தது.

"கொஞ்சம் இருப்பா," என்றேன். "நீ நகர்ந்தா போயிடும்."

அவன் நின்றான். நான் சொன்னால் நிற்பான்.

அது உட்கார்ந்த நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது.

"இன்னா சார் சத்தம்?"

"லாரிதான். பள்ளத்துல எறங்கியிருப்பான்."

பூச்சி பிடிக்கும் புட்டியை அதன்மேல் நான் கவிழ்த்தேன், அவன் மூடியைச் சொருகினான். சிறகிலிருந்து ஒரு செதில்கூட உதிரவில்லை. பிறகு மற்றவையும் வந்துகொண்டே இருந்தன. அவன் ஃபோன் போட்டான்.

"அடிச்சினே இருக்குது சார், எடுக்க மாட்டேங்கறா."

"ஷேர் ஆட்டோல ஊட்டுக்கு வந்திருப்பா. அடுப்புல நின்னுக்கினு இருப்பா. இத முடிச்சிட்டுப் போ."

அவனோடு பேசும்போது எனக்கும் அவன் பேச்சு தொற்றிக்கொள்ளும். சமாதானமாகிவிட்டான். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். பிறகு அவனைச் சாமான் கட்டச் சொல்லிவிட்டு நான் வளைவுக்குப் போய்க் கட்டையைச் செருகினேன். திரும்பி வந்து, விளக்கு வந்துவிட்டது, இப்போது போய்ப் பார் என்றேன். அவன்தான் அவளைச் சாலையோரத்தில் கண்டான். அப்போதும் மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள், ரத்தம் போனதுதான் காரணம் என்றார். ஜெயராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். நானும் அழுதேன் சார். அது நடிப்பில்லை.

லாரி ஓட்டியவன் அருணாச்சலம் என்று ஒருவன். நெடுஞ்சாலைக் கேமராவை வைத்துப் பிடித்தார்கள். சாலை கும்மிருட்டாக இருந்தது, எதன்மேலோ ஏறியது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. நான் சாட்சி. "போலீஸ் வந்தப்ப விளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டார்கள். எரிந்தது என்றேன். உண்மைதானே. அதற்கு முன்னால் எரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவள் ஃபோன் பக்கத்தில் கிடந்ததால், அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பாள் என்று எழுதினார்கள். காலனியிலும் அதுவே பேச்சாகிவிட்டது. ரோசம்மாள் கவனக்குறைவான பெண் அல்ல. அது எனக்கு வருத்தம்தான்.

இதுவரைக்கும் நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. திறந்திருக்கவும் மாட்டேன். ஆனால் ஜெயராஜ் பார்க்கிறவர்களிடமெல்லாம், நான்தான் அவளைக் கொன்னுட்டேன், கூப்பிடப் போவாம நின்னுட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். மாதாகோயிலில் முப்பதாம் நாள் பூசையன்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பாதிரியார் அணைத்துக்கொண்டார், அப்படியும் நிறுத்தவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. செய்தவன் ஒருவன், பெயர் இன்னொருவனுடையது என்றால் அது பிழை. பிழையோடு ஒன்றை விட்டுவைப்பது என் வழக்கமில்லை. அதனால் விடுபட்டதையும் சொல்கிறேன்.

அந்தச் சத்தம் பள்ளத்தில் இறங்கிய சத்தம் இல்லையென்று கேட்டபோதே எனக்குத் தெரியும். ஏறி இறங்குவதற்கு முன் ஒரு பெண்குரல் இருந்தது. ஜெயராஜ் ஜெனரேட்டர் பக்கம் நின்றதால் அவனுக்குக் கேட்கவில்லை. கட்டையைச் செருக நான் போனபோது, சாலையோரம் தரையில் ஒரு வெளிச்சம் மினுங்கியது. அவளுடைய ஃபோன். ஜெயராஜ் மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். "சார்," என்றாள், வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே. நான் அவளைத் தாண்டிப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். விளக்கில்லாமல் ஆட்கள் வந்து சேர்ந்தால் கட்டை எங்கே என்ற கேள்வி வந்துவிடும். செருகினேன், கம்பியைப் பழையபடி முறுக்கினேன், அவள் பக்கம் பார்க்காமல் நடந்து போனேன். ரோசம்மாளைக் கொன்றது நான்தான். லாரிக்காரனை விட்டுவிடுங்கள். ஜெயராஜிடமும் சொல்லிவிடுங்கள்.

போன வாரம் அவன் காட்சியகத்துக்கு வந்தான். தாடி, கசங்கிய சட்டை. அந்தப் பூச்சி இருக்கும் இழுப்பறையைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். சீட்டில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது.

"சார், இதுல என் பேர எடுத்துடுங்க சார். நான் அங்க நின்னுக்கினு இருந்திருக்கவே கூடாது. அந்த எடத்துல ரோசம்மா பேரப் போடுங்க. வேற எதுவும் வாணாம்."

அவன் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை, அதுதான் முதல் தடவை. ஆனாலும் முடியாது என்றேன். அவன் சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான், பிறகு வரவில்லை. கோபமாக இருப்பான். பார்த்தால் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் சார். அன்று துணிப் பக்கத்தில் அவள் இல்லை, பூச்சியை அவள் பிடிக்கவும் இல்லை. பிடிக்காதவள் பெயரை நான் எப்படிச் சீட்டில் எழுதுவேன்? என் இழுப்பறைகளில் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், ஒரு பொய் இருக்காது.