சிரிக்காமல் எழுந்தவன்

பிரையன் போய்விட்டானா? சரி. அவன் இருந்தால் இதைச் சொல்ல முடியாது. இது அவன் அக்கா மகதலேனாவுக்கு நடந்தது. ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எழுந்து போய்விடுகிறாள். அந்த ஃபோன் வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள்.

மாலை ஏழரை. மக்ரிப் பாங்கு ஓய்ந்த நேரம். டெங்கில் ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்சாலை. விளக்குக் கம்பம் கிடையாது. எதிரே ஒரு வண்டி கிடையாது. மகதலேனா காரை ஓட்டினாள். பக்கத்தில் அவள் கணவன் மாரிஸ். உதிர்ந்து கிடந்த மட்டைகள் சக்கரத்தில் நொறுங்கின... வேறு சத்தமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் காரில் ஏறியதிலிருந்து மாரிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவனைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றே போதும், பயப்பட. கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். விடுமுறை நாட்களில் நடிப்பான். தூக்கத்திலும் பேசுவான். அவன் பேச்சு நின்று மூன்று நாளாகியிருந்தது.

மூன்று நாளுக்கு முன்னால் இதே சாலையில்தான் படப்பிடிப்புக்குப் போனார்கள். அவளுக்கு மேக்கப் வேலை. அவனுக்குப் பிண வேஷம்.

“இன்னைக்கு எனக்கு வசனமே இல்ல. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல ஒரு மணி நேரம் நான் வாய மூடியிருக்கப் போறேன். நல்லா அனுபவிச்சிக்கோ.”

“மூச்சையும் மூடிக்கோ லா. போன படத்துல பொணத்துக்கு வயிறு ஆடுச்சு.”

இயக்குநர் சுகுமாறன். அவன் எடுக்கும் படமெல்லாம் ஒரே மாதிரி. வேலை போனவர்கள், வீடு போனவர்கள், கேட்க நாதியில்லாதவர்கள். இந்தப் படமும் நடந்த கதைதான். பாலன் என்று ஒருவன். செம்பனை ஆலையின் கழிவுக் குளத்தில் விழுந்து செத்தான். குளத்துக்கு வேலி இல்லை. அவன் அம்மா வள்ளியம்மாவுக்கு ஆணியடித்த பெட்டிதான் வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். முகத்தைக் காட்டவில்லை. எட்டாம் நாள், ஆலை கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது.

அதே வீட்டில், அதே கூடத்தில் எடுத்தான் சுகுமாறன். ஒரே ஒரு மாற்றம். படத்தில் பெட்டி திறந்திருக்கும்.

வள்ளியம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவாக நடித்தவர் நான்கு தடவை அழுதார். ஐந்தாவது தடவை கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது வள்ளியம்மா எழுந்து வந்தார். யாரும் கூப்பிடவில்லை. நிறுத்தாதே என்று சுகுமாறன் கையைக் காட்டினான்.

பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பச்சரிசி.

“பாலா... வந்துட்டியாப்பா.”

மாரிஸின் வாயில் வாய்க்கரிசி போட்டார். மூன்று தடவை. மாரிஸ் அசையவில்லை. நல்ல நடிகன். கூடத்தில் இருந்த எல்லாரும் அழுதார்கள். அரிசி விழுந்தது உயிரோடிருப்பவன் வாயில் என்பது மகதலேனாவுக்கு மட்டும்தான் உறைத்தது.

சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிணமாகக் கிடந்தவன் எழுவதற்கு முன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது. ஆனால் எடுக்காமல் விடமாட்டார்கள். நான் செத்தவனில்லை என்று சொல்வதற்கு அது. மகதலேனா சுகுமாறனிடம் அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

“அக்கா, இது அந்த மாதிரிப் படம் இல்ல. அந்த அம்மா அங்க உக்காந்திருக்காங்க. அவங்க கண்ணு முன்னால இவர சிரிக்கச் சொல்லவா? நாமல்லாம் மனுஷங்களா?”

மாரிஸ் சிரிக்காமல் எழுந்தான். அரிசியைத் துப்பினான். வாய் கொப்பளித்தான்.

அன்றிரவே ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தான். கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டியிருந்தன. மகதலேனா விலக்கிவிட்டாள். காலையில் ஒட்டியே இருந்தன. குளியலறையில் நாற்றம்... புளித்த எண்ணெய் நாற்றம். ஆலைக் குளத்துக்குப் பக்கத்தில் போனவர்களுக்குத் தெரியும். சோற்றை வைத்தால் பார்த்துக்கொண்டே இருந்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. தோளைத் தொட்டால் திரும்பினான்.

மூன்றாம் நாள் பால்கனியில் நின்று, கீழே ஓடும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த ஒரே தடவை வாய் திறந்தான்.

“அம்மா அங்க தனியா இருக்கும்.”

மாரிஸின் அம்மாவைக் கிள்ளானில் அடக்கம் செய்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

மகதலேனா சுகுமாறனைக் கூப்பிட்டாள். ஃபோன் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

“அந்தச் சிரிப்ப எடுக்கணும் சுகு. அந்த வீட்லயே எடுக்கணும். என் புருஷன் எனக்கு வேணும்.”

சுகுமாறன் இந்தத் தடவை வாதாடவில்லை.

“நாளைக்குக் காலைல வீட்ட இடிக்கறாங்க அக்கா. அதப் படம் எடுக்க நான் இங்கதான் இருக்கேன். உடனே வாங்க.”

அதனால்தான் அந்த நேரம். அந்தச் சாலை.

வீட்டு வாசலில் இடிக்க வந்த மண்வாரி இயந்திரம் நின்றது. மின்சாரத்தை வெட்டியிருந்தார்கள். கூடத்தில் கட்டிவைத்த மூட்டைகள். சுகுமாறனிடம் ஒரு பேட்டரி விளக்கு, ஒரு கேமரா. சவப்பெட்டி கடைக்கே திரும்பிப் போயிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் வெள்ளைத் துணியை விரித்தார்கள். யாரும் சொல்லாமலே மாரிஸ் போய்ப் படுத்தான்.

மகதலேனா அன்று பூசிய சாம்பல் நிறப் பூச்சை வெளியே எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மூடி வைத்துவிட்டாள். பூச வேண்டியிருக்கவில்லை.

“மாரிஸ் அண்ணே. சிரிங்க.”

ஒன்றுமில்லை.

“சும்மா ஒரு தடவ, அண்ணே...”

வெளியே சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. அதுவும் நின்றது. மகதலேனா அவன் மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு இல்லை. விரலை எடுக்காமல் காத்திருந்தாள். வந்தது... ஒன்று. பிறகு ரொம்ப நேரம் வரவில்லை.

சமையலறையிலிருந்து வள்ளியம்மா வந்தார். மகதலேனா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, இவரு என் வீட்டுக்காரரும்மா. உங்க பிள்ள இல்ல.”

“தெரியும்மா.”

“இவர விட்டுடச் சொல்லுங்க உங்க பிள்ளகிட்ட. நீங்க சொன்னா கேக்கும்.”

வள்ளியம்மா தலைமாட்டில் உட்கார்ந்தார். மாரிஸின் நெற்றியைத் தடவினார்.

“அவனுங்க எனக்கு மொகத்தையே காட்டல. இப்பதான் வந்திருக்கான். நானே போன்னு சொல்லணுமா?”

மகதலேனா அவர் காலை விடவில்லை.

“நாளைக்கு இந்த வீடும் இல்ல. எங்க வெச்சிக்குவேன் இவன...” தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதருகே குனிந்தார். ஏதோ சொன்னார். நீளமாக... பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது ஒவ்வொன்றாகச் சொல்வது மாதிரி. மகதலேனாவுக்குக் கேட்கவில்லை. கேமராவிலும் பதியவில்லை.

மாரிஸ் கண்ணைத் திறந்தான். கேமராவைப் பார்த்தான். வாய் நிறையச் சிரித்தான்.

திரும்பும் வழியெல்லாம் பேசினான். பசிக்கிறது என்றான். பூச்சோங்கில் நிறுத்தி நாலு ரொட்டி சானாய் தின்றான். மகதலேனா அவன் எதிரில் உட்கார்ந்து அழுதாள்.

“ஏன் அழுவுற? பொணம் எந்திரிச்சா சிரிக்கணும் லா.”

எட்டு மாதம் போனது. நாற்றம் இல்லை. ஒருக்களித்துப் படுத்தான். வேலைக்குப் போனான். வள்ளியம்மாவுக்குப் பூச்சோங்கில் ஒரு சின்ன ஃபிளாட் பிடித்துக்கொடுத்ததும் அவன்தான். ஞாயிறுதோறும் காய்கறி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பான். செத்தவனாக நடித்து, பிள்ளையாகவே ஆகிவிட்டான் என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். மகதலேனாவும் சிரித்தாள். நல்ல காரியம்தானே. ஒரே ஒரு தடவை அவளும் கூட வருவதாகச் சொன்னாள். அவ்வளவு சின்ன வீட்டில் மூன்று பேருக்கு இடமிருக்காது என்றான்.

படத்தைப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். மாரிஸ் போய் வள்ளியம்மாவை அழைத்துவந்தான். வாய்க்கரிசிக் காட்சியில் மண்டபம் முழுக்க விசும்பல். முன் வரிசையில் யாரோ எழுந்து வெளியே போனார்கள். வள்ளியம்மா அழவில்லை.

படம் முடிந்தது. சுகுமாறனைச் சுற்றிக் கூட்டம். மாரிஸ் காரை எடுக்கப் போனான். வள்ளியம்மா மகதலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சில்லென்றிருந்தது.

“என் பிள்ளைய நீ நல்லா பாத்துக்கற. அதனால நானும் பாத்துக்கறேம்மா. கவலப்படாத.”

“யார அம்மா?”

“உன் வீட்டுக்காரர. என் ஃபிளாட்லதான் இருக்காரு. உள் ரூம்ல.”

வெளியே கார் ஹார்ன் அடித்தது. மாரிஸின் குரல் இரண்டு பேரையும் கூப்பிட்டது. வள்ளியம்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“மொதல்ல ராத்திரியெல்லாம் உன் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே இருந்தாரு. இப்ப கொறைஞ்சிருக்கு.”