சகலைகள் கல் கழுவிய கதை

இளையவர்: அண்ணே, கல்லைத் தேய்க்கச் சொன்னா தடவிக் குடுக்குறீங்க. அது என்ன கன்னுக்குட்டியா?

மூத்தவர்: நாத்தம் தாங்கல சகலை. மூச்சை அடக்கிட்டுத் தேய்ச்சா கை எப்படி வேகமா ஓடும்?

இளையவர்: உங்க மீன் தொட்டிக் கல்லு. உங்க வீட்டு நாத்தம்.

மூத்தவர்: தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காத. சரி, இந்தப் பொந்துக்குள்ள பிரஷ் போகல. சின்னதா ஒண்ணு குடு.

இளையவர்: இந்தாங்க.

மூத்தவர்: இது... பல் தேய்க்கிறதாச்சே. யாரோடது?

இளையவர்: மாமா போன தடவை வந்தப்ப விட்டுட்டுப் போனது.

மூத்தவர்: அடக் கடவுளே!

இளையவர்: அவரு மீனுக்குத்தானே வீடு கட்டுறோம்? அவரு பிரஷ்லயே கட்டுவோம்.

மூத்தவர்: எப்ப வர்றாரு?

இளையவர்: கிளம்பிட்டாராம். உங்க கொழுந்தியா காலைலேர்ந்து வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்துக்கிட்டே இருக்கா. கழுவின கல்லு ஊறுதே, இந்த டிரம்மு, இதுல இருக்கிற உப்புத் தண்ணியை மாமா சோதிச்சுப் பாப்பாராம். சுத்தம்னா அவரோட ரெண்டு கோமாளி மீனும் இங்க வந்துடும். அதுங்க குடியிருக்கிற கடல் சாமந்தியும் வரும். அதான், பூ மாதிரி கையை விரிச்சுக்கிட்டு நிக்குமே...

மூத்தவர்: பின்னாடியே பெட்டி படுக்கையோட மாமாவும்.

இளையவர்: "என் மீன் எந்த வீட்ல வாழுதோ, அந்த வீட்லதான் நான் வாழ்வேன்." மகளுங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்ன வார்த்தை.

மூத்தவர்: குடுத்து வச்சவன்யா நீ.

இளையவர்: முதல் வாய்ப்பு உங்களுக்குத்தானே வந்துச்சு?

மூத்தவர்: வந்துச்சு... விதி. அவரு வர்ற நேரம் பாத்து என் தொட்டி மீனெல்லாம் செத்துப் போச்சு.

இளையவர்: எப்படிண்ணே செத்துச்சு?

மூத்தவர்: கரண்டு போச்சு. மோட்டாரு நின்னுடுச்சு.

இளையவர்: போன மாசம் வெயில்னு சொன்னீங்க.

மூத்தவர்: வெயில் அடிச்சதாலதான் கரண்டு போச்சு.

இளையவர்: உங்க வீட்டம்மா என்னமோ கொசு மருந்து பட்டுடுச்சுன்னாங்க...

மூத்தவர்: கரண்டு இல்லன்னா கொசு வராதா? வந்தா அடிக்க மாட்டாங்களா? நீ கல்லைத் தேய்.

இளையவர்: தேய்க்கிறேன், தேய்க்கிறேன்... அண்ணே, ஒண்ணு கேட்டா கோபப்படக் கூடாது.

மூத்தவர்: இப்படி ஆரம்பிச்சாலே கோபம் வரும். கேளு.

இளையவர்: தொட்டில எப்பவாவது செம்பு மருந்து ஊத்துனீங்களா? மீனு மேல வெள்ளைப் புள்ளி வந்தா ஊத்துவாங்களே...

மூத்தவர்: சேச்சே!

இளையவர்: ஊத்தியிருந்தா கல்லு அதைக் குடிச்சு வச்சுக்கும்னு கடைக்காரர் சொன்னாரு. ப்ளீச்சிங்ல ஊறப் போட்டாலும் போகாது, வெயில்ல காய வச்சாலும் போகாது. தண்ணியைப் பாத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக் கக்குமாம். மீனு கூடத் தாக்குப் பிடிக்குமாம். சாமந்தி சுருண்டுடுமாம்.

மூத்தவர்: எனக்கே பாடமா? என் கல்லுல அதெல்லாம் கிடையாது.

இளையவர்: ஒரு மூடி?

மூத்தவர்: இல்ல.

இளையவர்: ஒரு சொட்டு?

மூத்தவர்: என் பிள்ளைங்க மேல... வேணாம், சத்தியமெல்லாம் எதுக்கு? இல்லன்னா இல்ல.

இளையவர்: ம்...

மூத்தவர்: ஏம்ப்பா, நல்ல கல்லுங்கிறேன். எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போடுறியே?

இளையவர்: நல்ல கல்லா இருந்தா... சந்தோஷந்தானே.

மூத்தவர்: இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்ததே இல்ல.

இளையவர்: ...குளியலறைக் கதவைச் சாத்துங்க.

மூத்தவர்: சாத்தியாச்சு. சொல்லு.

இளையவர்: கடைல மலை மாதிரி கல்லு கிடக்கு. நான் ஏன் உங்க கல்லுக்கு அலைஞ்சேன்?

மூத்தவர்: மாமாதானே புதுக் கல்லு ஆகாது, பழகின பழைய கல்லுதான் வேணும்னாரு?

இளையவர்: பழசும் கடைல கிடைக்கும். மாமா வர்ற சமயத்துல உங்க தொட்டி ஒரே நாள்ல காலியாச்சு பாருங்க, அப்பவே எனக்கு உங்க மேல ஒரு நம்பிக்கை. இதுல அண்ணன் கைவரிசை இருக்கும்னு. செம்பு இருந்தா மாமா சோதனைல தண்ணி நீலமாகும். மீனு வராது. மீனு வரலன்னா...

மூத்தவர்: மாமாவும் வர மாட்டாரு!

இளையவர்: என் மேல பழியும் வராது. கல்லு உங்களுது.

மூத்தவர்: அடப்பாவி!

இளையவர்: வேற வழி தெரியலண்ணே. போன தடவை வந்தப்ப விடிஞ்சதும் பேப்பரை வரி விடாம சத்தம் போட்டுப் படிச்சாரு, விளம்பரம் உட்பட. நான் குளிச்சா வெளிய நின்னு "தண்ணி வீணாகுது, தண்ணி"ன்னாரு. எனக்குன்னு வீட்ல இருந்தது ஜன்னலோர நாற்காலி ஒண்ணு. அதுவும் போச்சு. இப்ப நீங்க கல்லு சுத்தம்ங்கிறீங்க. நான் எங்க போவேன்?

மூத்தவர்: அழறியா?

இளையவர்: ப்ளீச்சிங்... கண்ணு எரியுது.

மூத்தவர்: சகலை.

இளையவர்: ம்.

மூத்தவர்: முழு பாட்டில்.

இளையவர்: என்னது?

மூத்தவர்: முழு பாட்டிலையும் ஊத்துனேன்யா. மீனையெல்லாம் முதல்லயே கடைக்காரர்கிட்ட விட்டுட்டேன், நான் என்ன கொலைகாரனா? மாமா வந்து பாத்தா தொட்டியே தேறாதுன்னு ஆகணும், அதான். செத்துப் போச்சுன்னு வீட்ல சொன்னேன். என் வீட்டுக்காரி ரெண்டு நாள் சாப்பிடல. அது இன்னும் உறுத்துது.

இளையவர்: அண்ணே! நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!

மூத்தவர்: கத்தாத. நீ கல்லு கேட்டப்ப, தர மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. குடுத்துட்டு ஒரு மாசமாத் தூக்கமில்ல. இங்க அந்தச் சாமந்தி செத்தா என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுமேன்னு... ஏய், மணி அடிக்குது. மூஞ்சியைச் சோகமா வச்சுக்கோ.

இளையவர்: இன்னும் சோதிக்கவே இல்லையே?

மூத்தவர்: ஆமால்ல. ஆசையா வச்சுக்கோ. நீலம் வந்ததும் சோகத்துக்கு மாத்து.

மாமனார்: என்ன மாப்பிள்ளைங்களா, ரெண்டு பேரும் குளியலறைல கதவைச் சாத்திக்கிட்டு?

இளையவர்: வாங்க மாமா, வாங்க! உங்க மீனுக்காகக் கல்லு கழுவுறோம்.

மாமனார்: பெரியவரும் முழங்கை வரைக்கும் நனைஞ்சிருக்காரு... நல்லது. அந்த டிரம்முத் தண்ணி கொஞ்சம் மொண்டு குடுங்க. ம்... இந்தப் பொடி... இப்படிக் குலுக்கி... இருங்க.

மூத்தவர்: சுத்தமான கல்லு மாமா. சந்தேகமே வேணாம்.

மாமனார்: நீலம்.

இளையவர்: ஐயோ!

மூத்தவர்: ஐயையோ!

மாமனார்: கருநீலம்.

இளையவர்: ஆசை ஆசையா ரூமை ஒழிச்சு வச்சிருந்தேனே மாமா...

மூத்தவர்: எனக்குத் தலையே சுத்துது. செம்பு எப்படி வந்துச்சுன்னே புரியல.

மாமனார்: கதவைச் சாத்துங்க.

இளையவர்: மாமா?

மாமனார்: பொண்ணு காதுல விழும், சாத்துங்க. ...எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு கோபமும் இல்ல. ஆனா அடுத்தவங்க வீட்ல எனக்கு இருப்புக் கொள்ளாது மாப்பிள்ளை. பொழுது போகாம விளம்பரத்தையெல்லாம் சத்தமாப் படிச்சேன், உங்களுக்கே தெரியும். என் வீட்டுக் கதவை நானே பூட்டணும், நானே திறக்கணும். மகளுங்க கேட்டாத்தானே? அதான் மீனைச் சாக்கு சொன்னேன். அதுக்கும் தொட்டி வாங்குனீங்க. பழைய கல்லுன்னேன், அதையும் தேடிக் கொண்டாந்துட்டீங்க.

இளையவர்: அப்ப இந்தத் தண்ணி சுத்தமா இருந்திருந்தா?

மாமனார்: என் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்க. செம்பு மருந்து. போன வருஷம் பெரியவர் வீட்டுக்கும் இதோடதான் கிளம்புனேன், வாசல்ல கால் வைக்கிறதுக்குள்ள மீனெல்லாம் செத்துடுச்சுன்னாரு. இன்னைக்கும் மூடியைத் திறக்க விடல... சரி சரி, சிரிக்காதீங்க. மூஞ்சியைத் துடைங்க, வெளிய போயி மூணு பேரும் அழணும்.