அங்கோர் வாட்டில் வலம் போனவர்

மூன்றாவது குண்டு கிட்ட விழுகிறது. முதல் இரண்டும் காட்டுக்குள் விழுந்தன. இது மதிலுக்கு இந்தப் பக்கம். முதலில் சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு கல்லும் மண்ணும் சேர்ந்து கொட்டுகிற சத்தம். வாயெல்லாம் புழுதி. காது அடைத்துவிட்டது.

"படுங்கள்! சுவரோடு படுங்கள்! தலையைத் தூக்காதீர்கள்!"

கைடு கத்துகிறார். ஆங்கிலத்தில் கத்துகிறார். பிறகு பிரெஞ்சில். பிறகு தன் பாஷையில். கடைசியில் கத்தியதுதான் மெய்யான பயம். அந்தப் பாஷை தெரியாத எனக்கே விளங்கியது.

1970 ஜூன், முதல் கிழமை. கம்போடியா. அங்கோர் வாட்டின் கிழக்கு மண்டபம். சுவர் நீளத்துக்குத் தேவரும் அசுரரும் பாம்பைப் பிடித்துப் பாற்கடல் கடைகிறார்கள். எல்லாம் கல்லில். அந்தச் சுவரடியில் குப்புறக் கிடக்கிறேன். என் பெயர் யோகேஸ்வரி. யோகம் என்று கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்காரி. தொழில் தாதி. கலியாணம் கட்டி இரண்டு மாதம் ஆகவில்லை. பக்கத்தில் வயது போன ஒரு பிரெஞ்சுத் தம்பதி. ஒரு யப்பான்காரர். ஒரு கனடாப் பெண். என் கணவர் மட்டும் பக்கத்தில் இல்லை.

இதை 1979இல், சிட்னியில், வெஸ்ட்மீட்டில் என் பிளாற்றில் இருந்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அகதி இல்லை. சுற்றிப் பார்க்க ரூர் போனவள். காலையில் வான் வண்டியில் ஏற்றி, கோயில் காட்டி, மத்தியானம் சாப்பாடு தந்து, பின்னேரம் ஹோட்டலில் இறக்கிவிடுகிற ஒரு நாள் ரூர். "நீர் ரூர் போன ஆள்தானே, உமக்கென்ன யுத்தம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கேட்கட்டும். ரூர் போன இடம் என்பதால் யாரும் பாதி சாகவில்லை. செத்துத்தான் போனார்கள்.

என் கணவர் சிவபாலன். சிட்னியில் நில அளவையாளர் வேலை. கலியாணம் கட்டி என்னைக் கூட்டிப்போக ஊருக்கு வந்தார். புதுத் தம்பதிகள் கோயில் கோயிலாகப் போவது எங்கள் வழக்கம். எங்களுக்கு விசா அலுவலோடு நாட்கள் போய்விட்டன. ஒரு கோயிலுக்கும் ஒழுங்காகப் போகவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை. பயண ஏஜென்சியில் கம்போடியாப் படம் ஒன்றைக் கண்டார். அவ்வளவுதான்.

"யோகம், இவ்வளவு பெரிய விஷ்ணு கோயில் எங்கட நாட்டிலயும் இல்லை, இந்தியாவிலயும் இல்லையாம். போற வழியில ஒரு நாள். கும்பிட்டுப்போட்டுப் போவம்."

"அங்க சண்டையெல்லோ?"

"அது வியற்நாம் எல்லைப் பக்கம். கோயிலடியில ஆர் சண்டை பிடிக்கப் போறான்?"

ஏஜென்சிக்காரரும் அதையே சொன்னார். நொம்பென்னில் விமானம் மாறினோம். கோயிலுக்குக் கிட்டவுள்ள சியம் ரியப்பில் இறங்கினோம். ஹோட்டலில் கதிரைகள் எல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆட்கள் இல்லை. அதைப் பார்த்தாவது திரும்பியிருக்கலாம்.

கைடின் பெயர் வுத்தி. முப்பது வயது வரும். வெள்ளைச் சேர்ட், ரப்பர் செருப்பு. மெலிந்த மனிதர், நல்ல குரல். வானைவிட்டு இறங்கியதும் எங்களை எண்ணினார். ஆறு பேர். ஒவ்வொரு வாசலிலும் எண்ணினார். "நான் கூட்டி வந்தவர்களை நான்தான் திருப்பிக் கூட்டிப் போவேன், மேடம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மேற்கு வாசலில் என் கணவர் செருப்பைக் கழற்றினார். வுத்தி வேண்டாம் என்றார். கல் சுடும், பாம்பு இருக்கும், இது இப்போது பூசை நடக்கிற கோயில் இல்லை என்றார். இவர் கேட்கவில்லை. கழற்றி வாசலோரம் ஒழுங்காக வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அடுத்தது சுற்று மண்டபம். வுத்தி தெற்குப் பக்கமாகத் திரும்பினார். சுவர்ப் படங்களின் கதை அந்த வரிசையில்தான் வருகிறது. இவர் நாலு அடி வைத்தார். நின்றுவிட்டார். அளவையாளர் அல்லவா, திசை உடனே பிடிபட்டுவிட்டது. அப்படிப் போனால் கோயில் எங்கள் இடக்கைப் பக்கம் வரும். எங்கள் ஆட்கள் கோயிலை ஒருநாளும் அப்படிச் சுற்றுவதில்லை. கோயில் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். இடப்பக்கமாகச் சுற்றுவது சுடலையில், பிணத்தை.

வுத்தி மரியாதையாக விளங்கப்படுத்தினார். இந்தக் கோயில் மேற்கே பார்த்தது. ராசா தன் சாவை நினைத்துக் கட்டியது. அதனால்தான் படங்களே இடப்பக்கமாகப் போகின்றன. கட்டினவனே அப்படித்தான் சுற்றச் சொல்லியிருக்கிறான். அது இவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்துவிட்டது.

"செத்த வீட்டுச் சுத்தை நாங்கள் ஏன் சுத்துவான்? கலியாணம் கட்டி இன்னும் மஞ்சள் காயேல்லை. நான் இந்தப் பக்கத்தால போறன். நீயும் வாவன்."

"எனக்குக் கதை கேக்கவேணும். நல்ல சாமியாரைத்தான் கட்டியிருக்கிறன். நீங்கள் சுத்துங்கோ. அங்கால பாற்கடலடியில நிப்பன்."

"ஓம். போட்டு வாறன்."

வடக்குப் பக்கமாகப் போனார். வெறுங்கால். வேட்டி இல்லை, கால்சட்டைதான், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நல்லூரில் நடக்கிற மாதிரி நடந்து போனார். தனக்குள் ஏதோ பாடிக்கொண்டு போனார்.

நாங்கள் தெற்கே போனோம். குருசேத்திரம். பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். வுத்தி சொல்லுமுன் நான் பெயரைச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு யமன் தீர்ப்புச் சொல்லுகிற சுவர். பிறகு நரகம். தூரத்தில் முழக்கம் கேட்டது. மழை என்றார் வுத்தி. அது மழைக்காலம்தான். ஆனால் மின்னல் இல்லை. பிரெஞ்சுக் கிழவர் நின்று காதுகொடுத்தார். தன் மனைவியின் கையைப் பிடித்தார்.

கிழக்கு மண்டபத்துக்கு வந்தோம். பாற்கடல். இவர் இன்னும் வந்து சேரவில்லை. நின்றேன். அப்போதுதான் முதல் குண்டு.

மூன்றாவது குண்டுக்குப் பிறகு வுத்தி தலையைத் தூக்குகிறார். எங்களை எண்ணுகிறார். விரல் என்னில் வந்து நிற்கிறது. ஐந்து. அவர் என் முகத்தைப் பார்த்தார். எழும்பினார்.

"ஒருவரும் அசையக்கூடாது! நான் வரும்வரை அசையக்கூடாது!"

வடக்கே ஓடுகிறார். ரப்பர் செருப்பின் சத்தம் கல்லில் படக் படக் என்று போகிறது. எட்டப் போகிறது. மூலையில் திரும்புகிறது. பிறகு அவருடைய குரல்.

"திரும்புங்கள், சேர்! பின்னால்! பின்னால் வாசல் இருக்கிறது!"

பிறகு என் கணவரின் குரல். ஒரேயொரு தரம்.

"யோகம்! அங்கயே நில்லு! எழும்பாத!"

நாலாவது குண்டு. சீழ்க்கைச் சத்தம் கேட்கவில்லை. நேரே வெடிப்புத்தான்.

நான் எழும்பி ஓடினேன். யப்பான்காரர் சேலையைப் பிடித்து இழுத்தார். கிழிந்தது. ஓடினேன். மூலையில் தூண் ஒன்று முறிந்து குறுக்கே கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் இவர். கழுத்தில் விரலை வைத்தேன். தாதிக்கு அவ்வளவு காணும். இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று விரல் சொல்லியது. மனம் கேட்கவில்லை. இன்னொரு தரம் வைத்தேன். ஐயோ, என்ர மனுசன்! அப்போதுதான் கத்தினேன். அதுவரை யாரோ நோயாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

வுத்தி கொஞ்சம் தள்ளிக் கிடந்தார். உயிர் இருந்தது. வயிற்றில் காயம். கிழிந்த சேலைத் தலைப்பைச் சுருட்டி அமத்தினேன். கனடாப் பெண் வந்து என் கைமேல் தன் கையை வைத்து அமத்தினாள். யாருடைய குண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டுக்குள் இருந்தவர்களுடையதா, அவர்களைத் தேடிச் சுட்டவர்களுடையதா. இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைச் சொல்லியது.

ஓய்ந்ததும் வான் சாரதி வந்தார். இருவரையும் தூக்கி ஏற்றினோம். வழியில் வுத்தி பேசினார். பேச வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"பின்னால் வாசல் இருந்தது, மேடம். பத்தடிதான். பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. தொடங்கின சுற்றைப் பாதியில் திரும்பக்கூடாது என்றார். முன்னுக்கு ஓடினார்."

அன்று பொழுதுபட முன்பே வுத்தியும் போய்விட்டார். அந்த ஆஸ்பத்திரியில் இரத்தம் இல்லை. மருந்தும் இல்லை. ஒரு டொக்டர் மட்டும் இருந்தார், அழுது முடித்த கண்களோடு.

வுத்தியின் மனைவி போபா வந்தாள். இடுப்பில் ஒரு பெண்பிள்ளை. என்னைவிட இளையவள். என் கணவரைத் தேடிப் போய்த்தான் அவளுடைய கணவர் செத்தார். யாரோ அதை அவளுக்குச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரத்தம் காய்ந்த என் சேலையைப் பார்த்தாள். கையைப் பிடித்தாள். தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கிணற்றடியில் இருத்தித் தலையில் தண்ணீர் வார்த்தாள். தன் சாரத்தை என் இடுப்பில் கட்டிவிட்டாள். ஒரு சொல் பேச எங்களுக்குப் பொதுப் பாஷை இல்லை.

தெருவில் சண்டை. வெளிநாட்டுக்காரரை ஏற்ற விமானம் வரும் வரும் என்றார்கள். வரவில்லை. இருவரையும் அங்கேயே, பன்சலையில், புத்த கோயில் வளவில், ஒன்றாக எரித்தோம். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நான் போனேன். கொள்ளியும் நானே வைத்தேன். அவர்களும் பிணத்தை இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள். போபா முன்னால். நான் பின்னால். சுற்றினேன். இனி எனக்கு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன?

அந்தப் பிள்ளைக்கு நாலு வயது இருக்கும். நான் சாப்பிடமாட்டேன் என்று கண்டுகொண்டது. சோற்றை உருட்டி என் வாய்க்குக் கொண்டுவரும். நான் திறக்கும்வரை கையை எடுக்காது. ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் தனக்கு. இரவில் என் முதுகோடு ஒட்டிப் படுக்கும். கடைசியில் ராணுவ விமானம் வந்தது. வெளிநாட்டவர் மட்டும். ஓடுபாதைக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் போபா நின்றாள். பிள்ளை கை காட்டியது. விசிறியின் இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை.

சிட்னியில் அவர் எடுத்து வைத்திருந்த வீட்டுக்கு நான் தனியே வந்தேன். குசினியில் இரண்டு கோப்பை வாங்கி வைத்திருந்தார். தாதி வேலை கிடைத்தது. அந்த நாட்களில் இங்கே தமிழ்ச் சனம் குறைவு. யார் வீட்டிலாவது கூடுவோம். ஒருநாள் வேலாயுதம் அங்கிள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

"கோயிலுக்குள்ள, வலம் வரேக்க உயிர் போயிருக்கு. குடுத்து வைச்ச மனுசன், பிள்ளை. எத்தினை பேருக்கு அது கிடைக்கும்?"

"உங்களுக்குக் கிடைக்கட்டும், அங்கிள்."

அவருடைய மனைவி, அன்ரி, சாப்பாடு போட எழும்பினார். புண்ணியமாம். மண்ணாங்கட்டி. பத்தடியில் வாசல் இருந்தது.

ஒன்பது வருடமாக அந்தப் பத்தடியைத்தான் யோசிக்கிறேன். பாதிச் சுற்றில் திரும்பக்கூடாது என்று முன்னுக்கு ஓடினாரா? அல்லது முன்னுக்கு நான் நின்றேன் என்று ஓடினாரா? வுத்தி கேட்டதும் உண்மை. நான் கேட்டதும் உண்மை. என் பெயரைச் சொல்லித்தான் கத்தினார். அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் நித்திரை கொள்கிறேன். சில நாள் அதே குரல் கொள்ளவிடுவதில்லை.

இப்போது கம்போடியாவிலிருந்து சனம் இங்கே வருகிறது. வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவ வார்ட். யார் வந்தாலும் எந்த ஊர் என்று கேட்பேன். போன மாதம் ஒருத்தி சியம் ரியப் என்றாள். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டேன். வுத்தி என்ற கைடு. மனைவி போபா. பன்சலைக்குப் பின்வீதி. தெரியுமா?

அவள் பிறந்த பிள்ளையை மார்போடு அணைத்தபடி கனநேரம் பேசினாள். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சமாகத்தான் சொன்னார். எழுபத்தைந்தில் ஆட்சியைப் பிடித்தவர்கள் பட்டினத்தை வெறுமையாக்கினார்கள். எல்லாரையும் வயலுக்கு ஓட்டினார்கள். போபாவும் மகளும் அவளோடு ஒரே கொட்டிலில் இருந்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். கஞ்சித் தண்ணீர்தான் சாப்பாடு. முதலில் பிள்ளை. அடுத்த மழைக்குத் தாய்.

"உங்களுக்கு அவை என்ன முறை எண்டு கேக்கிறா, சிஸ்டர்?" என்று அருகில் நின்ற யாழ்ப்பாணத்துத் தாதி ஒருத்தி சொன்னாள், மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு. பதில் சொல்ல எனக்கு முறை தெரியவில்லை. சொந்தம் என்றேன்.

ஆகவே எழுதி வைக்கிறேன். மறக்கக்கூடாதவர்கள் வாசிக்கட்டும்.

சிவபாலன், நில அளவையாளர், என் கணவர். அங்கோர் வாட், வடகிழக்கு மூலை.

வுத்தி, கைடு. ஆறு பேரைக் கூட்டிப்போனார். ஐந்து பேரை உயிரோடு திருப்பித் தந்தார்.

போபா, அவருடைய மனைவி. எரித்தார்களா, புதைத்தார்களா, தெரியாது.

அவர்களுடைய மகள். எனக்குச் சோறு ஊட்டியவள். பெயரைக் கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கொட்டிலில் எல்லாரும் "சின்னது" என்றுதான் கூப்பிட்டார்களாம்.

நாலு பேர்.