சமையலறைப் படச்சட்டம் குறித்து மெரடித் ஹால்டேன் கூறியது

பெயர்: மெரடித் ஹால்டேன். வயது: 48. தொழில்: பல்கலைக்கழக மண்ணியல் விரிவுரையாளர். முகவரி: 17, பெல்லிங்கர் தெரு, லான்செஸ்டன், டாஸ்மேனியா.

என் தங்கை பிரான்வின், கணவர் கிளென் மாவர் அடித்ததால், ஈஸ்டர் முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு உள்ளது. ஆனாலும் அவள் பல் மருத்துவரிடம் போனால் அந்தத் தெருமுனையில் அவர் கார் நின்றது. சந்தைக்குப் போனால் அங்கும் நின்றது. அவள் வெளியே போவதை நிறுத்தினாள். அதன் பிறகு வீட்டுக்குள்ளும் தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள்.

எங்கள் இணையம் வழியாக அவர் வேவு பார்க்கிறாரோ என்று நான் வைஃபை ரவுட்டரை மாற்றினேன். ஹீட்டர், டிவி, பிரிண்டர் ஒவ்வொன்றையும் திரும்ப இணைக்கச் சோம்பல்பட்டு, புதியதற்கும் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்தேன். பார்பிக்யூ விருந்துக்கு வருகிறவர்களுக்காக அந்தக் கடவுச்சொல்லை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். கிளெனும் முன்பு அப்படி வந்தவர்தான்.

அதன் பிறகு, பல்கலைக்கழகத்தின் கணினி வலையமைப்பைக் கவனிக்கும் என் தோழி நைரீ பாக்கியிடம் இதைச் சொன்னேன். "பூட்ட மாத்திட்டு, பழைய சாவி சேருதான்னு பாத்து வாங்கியிருக்கே. கெட்டிக்காரி!" என்றார்.

சனிக்கிழமை அவர், இணையத்தில் போய்வரும் தகவலைக் கண்காணித்துத் தடுக்கும் ஒரு சிறிய ஃபயர்வால் பெட்டியைக் கொண்டுவந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பொருத்தினார். இதனால் பயன் இருக்கும் என்று நான் நம்பவில்லை, அவரிடமும் அப்படியே சொன்னேன். கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டாம், வீட்டிலிருந்து எந்தச் சாதனம் வெளியே தகவல் அனுப்புகிறது என்று முதலில் பார்ப்போம் என்றார். கிறிஸ்துமஸுக்கு கிளென் எனக்குக் கொடுத்த டிஜிட்டல் படச்சட்டம் சமையலறையிலிருந்து எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது.

"அது முன்னாடி நின்னு ஏதாவது பேசு மெர்."

"என்ன பேச?"

"உன் மண்ணைப் பத்தியே பேசு. கேக்கிறவனுக்குத் தூக்கமாவது வரட்டும்."

நான் பேசினேன். நைரீயின் மடிக்கணினித் திரையில் வெளியே போகும் தகவலின் அளவு ஏறியது. நிறுத்தினேன், இறங்கியது. பிரான்வின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நைரீ அதன் வழியை அடைத்தார். அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றி, மற்ற சாதனங்களைத் தனி வலையமைப்பில் சேர்த்தார்.

மறுநாள் கிளென் எனக்குப் போன் செய்தார். "மெரடித், அந்த ஃபிரேம் ஓடலையே. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றார். அது ஓடவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவர் இணைப்பைத் துண்டித்தார். படச்சட்டத்தையும் ஃபயர்வால் பதிவுகளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். படச்சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் அறியேன்.

நைரீ அந்தச் சனிக்கிழமை மதியம் முழுவதும் எங்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார். அவருக்கு என் நன்றியை இதில் எழுதச் சொன்னேன். வழக்குக்கு அது தேவையில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவல் அதிகாரி சொன்னார். பிறகு எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பிரான்வின் சமையலறையில் நின்று, "வியாழக்கிழமை எவண்டேல்ல எனக்கு இண்டர்வியூ, பத்து மணிக்கு, பஸ்லதான் போறேன்!" என்று அடுத்த அறைவரை கேட்கும்படி சொன்னாள். வியாழக்கிழமை தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினாள். வழியில் எங்கும் கிளெனின் கார் இல்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே இதில் உள்ளன. அவை உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மெரடித் ஹால்டேன்