பச்சைத் தண்ணி

ஹலோ... ஆமா தம்பி, நான்தான். டிரஸ் ரூம்லதான் இருக்கேன்... வேற எங்க இருப்பேன், இருபது வருஷமா இதே பெட்டிங்க, இதே இஸ்திரி மேசை... ஆமா, ஆமா, மூணு மணிக்கு நாடகம், நானூறு பள்ளிக்கூடப் பிள்ளைங்க. தெரியும். சொல்லுங்க.

ம்... ம்... எந்தச் சட்டை... ஓ, அந்தச் சட்டையா. அதுக்கு என்ன இப்ப?

கறை மங்கிப்போச்சா... கடைசி வரிசைக்குத் தெரியலையா... டீ கொட்டின மாதிரி இருக்கா. பத்து மாசம் ஆன ரத்தம் தம்பி, அப்படித்தான் இருக்கும். நம்ம டப்பாச் சாயம் மாதிரி செக்கச்செவேல்னு நிக்காது... அது மேலயே சாயத்தைத் தொட்டு வைக்கணுமா. லைட்டுல எடுப்பாத் தெரியறதுக்கு... ம்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இல்ல, வைக்கலை... வைக்கப் போறதும் இல்ல.

கோவமா? உங்க மேல கோவப்பட எனக்கு எங்க நேரம். உங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போறேன், தெரிஞ்சதையே சொல்றேன், கேளுங்க. பென்சில் பென்சில்னு நாம கூப்பிடற அந்தப் பையனுக்கு வயசு பதினேழு. நம்ம சனிக்கிழமை நடிப்பு வகுப்புக்கு வந்த பிள்ளை. கூட வந்த சினேகிதனை பஸ் ஸ்டாப்புல குத்திப் போட்டானுங்க, இவன் மடியிலதான் உயிர் போச்சு. அன்னிக்கு இவன் போட்டிருந்த சட்டை அது. அதையே மாட்டிக்கிட்டு, அதே மாதிரி ஒருத்தனை மடியில போட்டுக்கிட்டு, வாராவாரம் மேடையில அழுன்னு சொன்னது யாரு... நீங்கதானே... ஆங்.

பாரம் இறங்குமா... யாருக்கு? உங்களுக்கு இறங்கியிருக்கும். நல்லா உடம்பு போட்டிருக்கீங்க.

ஆமா, ஆமா, இளைய தலைமுறைக்கு நமக்கொரு பொறுப்பு இருக்கு. திரை தூக்கறதுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சு நீங்க சொல்றதை நானும் உள்ள பொத்தான் தைச்சுக்கிட்டே முப்பத்தோரு தடவை கேட்டாச்சு. ரொம்ப நல்லா சொல்றீங்க. குரல் தழுதழுக்கற இடங்கூட மாறுறதில்ல.

...திருந்துறாங்களா? யாரு, பாக்க வர்ற பிள்ளைங்களா? போன வெள்ளிக்கிழமை நாடகம் முடிஞ்சதும் நீங்க பத்திரிகைக்காரங்களோட நின்னுக்கிட்டிருந்தீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. ஒன்பதாம் வகுப்புப் பசங்க படம் எடுத்துக்க வரிசை கட்டி நின்னாங்க. யார்கூடன்னு நினைக்கிறீங்க... இல்ல, பென்சில்கூட இல்ல. கத்திக்காரனா நடிக்கிறாரே உங்க ஆளு, அவர்கூட. அந்த அட்டைக் கத்தியை வாங்கி ஒருத்தன் கழுத்துல ஒருத்தன் வச்சுக்கிட்டு... அவரும் இளிச்சுக்கிட்டு நிக்கிறாரு. குத்துற இடத்துல விசில் வருது தம்பி. அதைப் போய் நீங்க வரவேற்புன்னு எழுதி வச்சிருக்கீங்க.

இருங்க, ஒரு நிமிஷம்... ஏம்ப்பா, முறுக்கிப் பிழியாத, காலர் தையல் விட்டுரும். அப்படியே உதறிக் கொடியில போடு... வெயில்லயே போடு, பரவாயில்ல... ம், சொல்லுங்க.

யார்கிட்டயா? பென்சில்கிட்டதான். பின்னாடி குழாயடியில நிக்கிறான்... ஆமா. துவைச்சாச்சு... சரியாத்தான் காதுல விழுந்திருக்கு. அந்தச் சட்டையத்தான். துவைச்சாச்சு.

...

கத்துங்க. கத்தி முடிங்க. நான் இங்கதான் இருக்கேன்.

...நான் துவைக்கலை, அவனேதான் துவைச்சான். காலையில எட்டு மணிக்கு நான் வரும்போதே படியில உட்கார்ந்திருந்தான். பெரியம்மா, இந்தக் கறை போகுமான்னு கேட்டான். அவ்வளவுதான். எட்டு மாசமா அவனுக்கு எப்ப மூச்சு இழுக்கணும், எப்பத் தலை தூக்கணும், எந்தப் பக்கம் திரும்பி அழணும்னு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தீங்களே, ராத்திரி தூங்கறியாடான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா... இல்ல, கேட்டீங்களா, அதைச் சொல்லுங்க... சரி விடுங்க.

நம்ம சாயம்னா வெந்நீரும் சோப்பும். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். நெஜ ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது தம்பி, துணியில ஏறிப் பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணிதான். ஊற வச்சு, மாத்தி, மறுபடி ஊற வச்சு... ஒன்பது வாளி. அத்தனையும் அவனே தூக்கினான். நான் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அழுதான். எந்தப் பக்கமும் திரும்பாம, மூக்கு ஒழுக, கோணல்மாணலா. நீங்க பார்த்திருந்தா சரியா வரலை, இன்னொரு தடவைன்னு சொல்லியிருப்பீங்க.

மூணு மணிக்கா? நீங்களே மேடை ஏறுங்க. பொறுப்பைப் பத்தி ஒன்றரை மணி நேரம் பேச உங்களுக்கு வராதா என்ன... அவன் வரமாட்டான். அவங்க அம்மா கூட்டிட்டுப் போக வந்துக்கிட்டிருக்காங்க... கையெழுத்துப் போட்டிருக்கானா? பதினேழு வயசுக் கையெழுத்தைத் தூக்கிக்கிட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க... வேற பையனா? தாராளமா வைங்க. வேற சட்டை நான் தைச்சுத் தரேன். ஒரு டப்பாச் சாயத்தை முழுசா ஊத்தித் தரேன். அது சாயம்னு போட்டிருக்கிறவனுக்குத் தெரியும், பாக்கிறவனுக்கும் தெரியும். எனக்குத் தெரிஞ்ச நாடகம் அதுதான்.

...என்ன... கறை போச்சாவா? முழுசாப் போகலை. பை ஓரத்துல கட்டைவிரல் அகலத்துக்கு நிக்குது. இன்னொரு வாளி பிடிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம் பெரியம்மா, அது இருக்கட்டும்னுட்டான்.

...என்னது? கொரகொரங்குது, திரும்பச் சொல்லுங்க... அந்தப் புள்ளி போதுமா... மேடை பூரா இருட்டாக்கிட்டு அது மேல மட்டும் லைட்டைப் போட்டா... கலைநயமா இருக்குமா... இன்னிக்கு ஒருநாள் மட்டும் அவனை அனுப்பணுமா.

...

இருபது வருஷத்துல உன்னை ஒரு தடவைகூட 'டா' போட்டுப் பேசினதில்ல...

வைடா போனை.