இயந்திரத்தில் கோளாறு இல்லை

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குற்றம் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை ஆகாது, அவ்வளவுதான். கூப்பிடாமல் வந்து நிற்கிறவனுக்கு டீ கொடுத்ததே பெரிய விஷயம்.

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். என் தம்பியின் வலது கையில் நான்கு விரல்கள் போனதற்குக் காரணம் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவனும் கீழே இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நான் நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்த்தவன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். வாயில்லாத ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அது தம்பி வீட்டில் கார் நிறுத்தும் ஷெட்டில் இருக்கிறது. கட்டில் அளவு மேசை, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பாலம், பாலத்தில் தொங்கும் மோட்டார், மோட்டாரின் நுனியில் சுழன்று மரத்தை வெட்டும் பிட். கம்ப்யூட்டரில் ஒரு பூவை வரைந்து கொடுத்தால் பலகையில் அந்தப் பூவைச் செதுக்கிவிடும். தம்பி வேலையை விட்டுவிட்டு இதை வாங்கிப் போட்டான். பூட்டிப் பொருத்திக் கொடுக்கப் பத்து நாளைக்கென்று என்னைக் கூப்பிட்டான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நான் என் வீட்டில் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பத்து நாள் மூன்று வருடமானது.

முதல் கோளாறு நிஜமான கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் புத்தி பேதலித்ததுபோல நின்றுவிடும். தம்பி கம்ப்யூட்டரை மாற்றினான், வயரை மாற்றினான், கடைசியில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நான் இரண்டு நாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தூள் உறிஞ்சும் குழாய் ஓடும்போது மட்டும்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் குழாயில் தூள் உரசி உரசி மின்சாரம் சேர்கிறது, அது கம்ப்யூட்டரின் வயரில் பாய்ந்து குழப்புகிறது. ஒரு செம்புக் கம்பியைக் குழாயில் சுற்றித் தரையில் இறக்கினேன். அத்தோடு சரியானது.

அன்றைக்கு அந்த வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. தம்பி மனைவி முதல் கரண்டியை என் தட்டில்தான் போட்டாள். “எங்க அண்ணன் கை வச்சாத்தான் அது கேக்கும்” என்று தம்பி வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொன்னான். எனக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. சந்தோஷமாக இருந்தேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அது சொன்னபடி ஓடியது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே தம்பி மனைவி கேட்டாள்: “மாமா, உங்க வீடு பூட்டியே கெடந்தா கரையான் அரிச்சிடாது?” நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பாள். மறுநாள் இயந்திரம் செதுக்கிய பூவின் இதழ்கள் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போய்ப் பல்லிளித்தன.

பாலத்தை ஓட்டும் இன்னொரு மோட்டாரையும் அதன் திருகுத்தண்டையும் இணைக்கும் இடத்தில் கடுகளவு திருகாணி ஒன்று உண்டு. அதைக் கால் சுற்று தளர்த்தினால் போதும், பிட் இடம் மாறிவிடும். இறுக்கினால் பழையபடி சரியாகிவிடும். எதையும் உடைக்க வேண்டியதில்லை. அதைத் திருப்பும் ஆலன் கீ என் சட்டைப்பையிலேயே இருந்தது. பதினொரு முறை தளர்த்தினேன், பதினொரு முறை இறுக்கிக் கொடுத்தேன். கணக்கு நேராகத்தானே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உடனே கண்டுபிடிக்க மாட்டேன். அரை நாளாவது தேடுவேன். தேடாமல் கண்டுபிடித்தால் மரியாதை இருக்காது.

இதனால் பலகைகள் வீணாயின என்பது வாஸ்தவம். ஒரு பெரிய கட்டடத்துக்குப் பன்னிரண்டு கதவுகள் செய்ய ஒப்புக்கொண்டிருந்தான். நான்காவது கதவு கெட்டபோது அவன் முகம் பேயறைந்தது போலானது. நான் கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, எனக்குச் சொல்லாமல், சர்வீஸ் பெண் ஒருத்தியை வரவழைத்துவிட்டான்.

நான் திரும்பி வந்து கேட்டில் கை வைத்தபோது அவள் பேசுவது கேட்டது. “இது தானா லூஸ் ஆகாது சார். தலை தேஞ்சிருக்கு பாருங்க. யாரோ பல தடவை திருப்பி, திரும்ப இறுக்கியிருக்காங்க.” பிறகு அவளே சொன்னாள்: “பசை போட்டு இறுக்கிட்டேன். இனிமே அஞ்சு வருஷத்துக்கு இதை யாரும் தொடவே வேண்டாம்.”

அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரி. அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. ஆனால் ஐந்து வருடம் யாரும் தொட வேண்டாம் என்ற பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை, நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வேலைமுறையை இப்போது சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பக்கம் நான், பலகைப் பக்கம் தம்பி. தூள் வராமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. பலகையைப் பூட்டியதும் நான் “விடவா?” என்பேன். அவன் கையை எடுத்துவிட்டு “விடுண்ணே” என்பான். நான் பொத்தானைத் தட்டுவேன். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். திரை மங்கல், ஆள் தெரியாது, காதுதான் கண் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது தவறு. விபத்து நடந்த அன்று காலை அந்தத் திரையை ஈரத்துணியால் துடைத்தேன். வேறு வேலை இல்லாததால்.

தம்பி சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஐந்தாவது கதவைப் பூட்டி, பழைய மரச்சீவலைப் பிட்டின் அடியிலிருந்து தள்ளிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினான்.

“அண்ணே, அந்த ஸ்க்ரூ விஷயம் எனக்குத் தெரியும்.”

நான் கம்ப்யூட்டரில் பூவை ஏற்றினேன்.

“நீ எதுக்குச் செஞ்சேன்னும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதாதா? இது உன் வீடும்தாண்ணே.”

“உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்ன சொன்னா?”

“பாவம் மாமான்னு சொன்னா.” கொஞ்ச நேரம் சீவலைத் தள்ளினான். “விடுண்ணே.”

விட்டேன்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் எனக்குச் சாக்கு தேடிக் கொடுக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான்: “அண்ணன் மேல தப்பில்ல. நாந்தான் விடுன்னு சொன்னேன்.” தம்பி மனைவியும் அழுதுகொண்டே தலையாட்டினாள். பழக்கதோஷம் என்று நீங்களும் ஆறுதல் சொல்லிவிட்டுக் கோளாறு என்று எழுதிக்கொண்டீர்கள். ஆனால் வேலைக்குச் சொல்கிற ‘விடு’ குட்டையானது, டக்கென்று விழும். போனால் போகட்டும் என்று சொல்கிற ‘விடு’ இழுபடும், கொஞ்சம் கீழே இறங்கும். பேரிங் தேய்வதைப் பத்தடி தள்ளி நின்று காதால் கண்டுபிடிக்கிறவன் நான். என்னால் இதைப் பிரிக்க முடியாதா? தவிர, அன்றைக்கு நான் “விடவா?” என்று கேட்கவே இல்லை.

அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடித்திருந்தாலும் சரி. பாவம் என்றால் என்ன செய்வது? பாவப்பட்ட ஆளுக்குச் சோறு போடுவார்கள். இயந்திரம் நின்றால் கூப்பிட மாட்டார்கள்.

இப்போது அவனுக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன். சாப்பாட்டைப் பிசைந்து கொடுக்கிறேன். காலையில் கண் விழித்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறான். கரையானைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மீதிக் கதவுகளை நானே ஓட்டி முடித்தேன், ஒரு மயிரிழை பிசகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கோளாறு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அன்றைக்கும் அது தனக்கு இட்ட வேலையை வரிக்கு வரி சரியாகத்தான் செய்தது.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிட் இறங்கியதும் அவன் கையுறை அதில் சுற்றிக்கொண்டது. இழுக்க முடியவில்லை. கையுறை போடாதே என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். அவன் “நிறுத்துண்ணே” என்று மூன்று முறை கத்தினான். அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கிடையாது. சிவப்புப் பொத்தான் என் வலது கையிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தது. நான் கம்ப்யூட்டர் திரையில் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இதழ் பாக்கி. பாதியில் நிறுத்தினால் பலகை வீணாகிவிடும் என்று, அது முடிகிற வரைக்கும் இருந்தேன்.