ஒரே நூல், ரெண்டு கண்டு

கத்தாதீங்கக்கா, டிரைவர் திரும்பிப் பாக்குறாரு. எல்பியோ மான்டிவிடியோ ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்கான். இங்க உக்காந்திருக்கிறது அவன் ஆவி இல்ல. நான் எபேர், அவன்கூடப் பொறந்த ரெட்டை. ஒரே மூஞ்சி, என்ன செய்யச் சொல்றீங்க. உக்காருங்க.

ஓ, துராஸ்னோவுல அவன் கறிக்கடைக்குப் பக்கத்து வீடா நீங்க? அவனப் பாக்கத்தான் போறீங்களா? இந்தாங்க, சூடா மாத்தே டீ குடிங்க. போதும்னா மட்டும் நன்றி சொல்லுங்க. இல்லாட்டி நான் பாட்டுக்கு ஊத்திட்டே இருப்பேன்.

ஆமா, அவனுக்கு எலும்பு மஜ்ஜை குடுக்கத்தான் வரச் சொல்லியிருந்தாங்க. ஊரே பேசுதா? பேசாம என்ன. தம்பிதான் என் ஸ்பேர் பார்ட்டு, தக்குவரெம்போவுல பத்திரமா இருக்கான்னு அவன்தான் எல்லார்கிட்டயும் அளந்துட்டிருக்கானே.

ஒருத்தனுக்கு மட்டும் எப்படி பிளட் கேன்சர்னு கேக்குறீங்களா? நானும் டாக்டரம்மாகிட்ட அதத்தான் கேட்டேன். நான் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறவன்னு தெரிஞ்சதும் அந்தம்மா கம்பளி நூல்ல ஆரம்பிச்சிருச்சு. ஆட்டைக் கிட்டப் போய்ப் பாத்தே இருக்காது, பாவம். செல்லுக்குள்ள ஜீனெல்லாம் நூல்கண்டாட்டம் சுத்திக் கெடக்காம். இறுக்கிச் சுத்துன எடம் சும்மா கெடக்கும், தளர்ந்த எடம் வேலை செய்யும். எத இறுக்கணும், எதத் தளத்தணும்னு பாத்துக்கவே தனியா ஜீன் உண்டாம். அதுல ஒண்ணு பழுதாயிருச்சு. அது மட்டும்னா வருசக்கணக்கா ஒண்ணும் ஆகாது. அதுக்கு மேல இன்னொரு பழுது விழுந்தா, மூடிக் கெடக்க வேண்டியதெல்லாம் தெறந்துக்கும். அப்புறம் ரத்தத்துல குட்டிச் செல்லு வளரவே மாட்டேங்குது, ஆனா பெருகிக்கிட்டே போகுது. எல்பியோவும் அம்பத்தி மூணு வயசாகியும் வளராதவன்தானே. சிரிங்க, பரவால்ல.

நான் குடுக்கப் போறதில்லக்கா. அதச் சொல்லத்தான் இந்த பஸ்ல போறேன். ஊசின்னா பயம்னு சொல்லிருவேன். மொறைக்காதீங்க, அவன அம்போன்னு விட்ரல. அவன் பொண்ணு யானினாவோட மஜ்ஜை பாதிக்குப் பாதி பொருந்துது, அத வச்சே பண்ணிரலாம்னு டாக்டரம்மா சொல்லிருச்சு. எனக்குப் பயமா? ஆடு எட்டி ஒதைச்சு விலா எலும்பே ஒடஞ்சிருக்கு, ஊசி என்ன பெரிய ஊசி.

படுத்துக் கெடக்கிறவனுக்கு ஒரே ஒரு சந்தோசம்தான். எனக்கு வந்தாலும் வந்துச்சு, நல்லவேளை தம்பிக்கு வரலன்னு நர்சுங்ககிட்டக்கூட சொல்றானாம்.

போன வாரம் என் ரத்தத்தையும் பாத்தாங்க. அந்த மொதப் பழுது எனக்கும் இருக்கு. அம்மா வயித்துக்குள்ளயே ஒருத்தன்கிட்டருந்து இன்னொருத்தனுக்கு ரத்தத்தோட வந்திருக்கும்கிறாங்க. ரெண்டாவது இன்னும் விழல. விழாமலும் போகலாமாம். ஆனா இந்த மஜ்ஜை அவனுக்கு ஆகாது.

இது அவனுக்குத் தெரிய வேண்டாம். கோழை, துரோகின்னு என்னத் திட்டுவான். நீங்களும் கூடச் சேந்து நாலு வார்த்தை நல்லாத் திட்டுங்கக்கா. அப்பதான் நம்புவான்.